முகம் வெட்டப்பட்ட படம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதியில், பழம்பொருள் கடைகளுக்கு முன்னால் எனாமல் தூக்குகளுக்கும் பித்தளைக் கும்பாக்களுக்கும் நடுவே, எந்த நாளில் போனாலும் நாலைந்து கல்யாணப் படங்கள் சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்க்கலாம். பங்காளிகள் பாகம் பிரித்து, பெரிய வீட்டை இடித்து, தூணும் கதவும் விலை போன பிறகு, கடைசியாக வண்டியில் ஏறி வருபவை இந்தப் படங்கள்தாம். கழுத்துரு என்னும் பெரிய திருமண அணி கனக்க அமர்ந்திருக்கும் பெண்ணும், பக்கத்தில் விறைத்து நிற்கும் ஆணும் யாரென்று கடைக்காரருக்குத் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. தேக்குச் சட்டத்துக்குத்தான் விலை சொல்வார்கள்.

பழைய படங்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் சிறு கடை ஒன்றை இதே ஊரில் 2011 முதல் நடத்தி வருகிறேன். பூஞ்சை பிடித்த படத்தை ஸ்கேன் செய்து, திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கி, அழிந்துபோன இடங்களைப் புள்ளி புள்ளியாக நிரப்பும் வேலை. ஸ்டுடியோக்காரர்கள் இதற்கு டச்சிங் என்பார்கள். புடவையின் கரையும் நாற்காலியின் காலும் கொஞ்சம் பிசகினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கண்மணியில் ஒளி விழுந்த அந்தச் சிறு வெள்ளைப் புள்ளி தவறினால், "எங்க அப்பத்தா மாதிரி இல்லையே" என்று படம் திரும்பி வந்துவிடும். ஒரு கண்ணுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும்.

இவ்வளவு கவனமாக முகங்களைப் பார்க்கத் தெரிந்த நான், அதே நாற்காலியில், அதே திரையில், கடையின் கதவை இறக்கிய பிறகு 11 ஆண்டுகள் ஆபாசப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கத்தோலிக்கன், திருமணமானவன், ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவன். இதையெல்லாம் எழுதுவதற்கு என் மனைவியின் சம்மதத்தைப் பெற்றிருக்கிறேன்.

தொடங்கிய கதையில் புதுமை எதுவும் இல்லை. பதினான்கு வயதில், விடுதியில் கையிலிருந்து கைக்கு மாறிய ஒரு கிழிந்த புத்தகம், பிறகு குறுந்தகடுகள், கடை வந்ததும் சொந்தக் கணினி, 2016இல் இணையத்தின் விலை சரிந்ததும் சட்டைப்பையில் இருந்த கைபேசி. அரசு 2015இல் 857 தளங்களைத் தடை செய்தபோது சில நாள்கள் பேச்சாக இருந்தது. தேடுகிறவனுக்கு வழி அடைபடவில்லை. எனக்கும் அடைபடவில்லை.

2022இல் ஒரு நாள் பிற்பகல், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணும் அவளுடைய அப்பத்தாவும் கடைக்கு வந்தார்கள். பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். பாட்டி உள்ளே வந்து, கைபேசியை என் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, நீங்க போட்டா வேலை பாக்குறவுக. இது எம் பேத்தி இல்லைன்னு ஒரு கடுதாசியில எழுதி, சீல் வச்சுத் தருவீகளா?"

யாரோ அவளுடைய முகத்தை, அவள் தன் பக்கத்தில் பகிர்ந்திருந்த ஒரு திருவிழாப் படத்திலிருந்து வெட்டி எடுத்து, ஆடையில்லாத வேறோர் உடலின்மேல் ஒட்டிப் பரப்பியிருந்தார்கள். பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்ட ஒரு சான்று வேண்டும் என்று அந்தப் பாட்டிக்குத் தோன்றியிருக்கிறது. சீலும் கையெழுத்தும் இருந்தால் உலகம் நம்பிவிடும் என்று அவர் நம்பினார்.

படத்தைக் கணினிக்கு மாற்றியவுடன், கழுத்துக்குக் கீழே முழுவதும் கறுப்பு பூசினேன். பிறகுதான் அவர்களைத் திரையருகே வரச் சொன்னேன். முகத்தில் ஒளி இடப்பக்கமிருந்து விழுகிறது, கழுத்தில் வலப்பக்கமிருந்து விழுகிறது. தாடையின் ஓரத்தில் வெட்டியதன் தடம் நூலிழைபோல ஓடுகிறது. தோலின் நிறம் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினேன். வந்ததிலிருந்து அந்தப் பெண் அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தாள்: "எல்லாருக்கும் இப்பிடி பெருசாக்கிக் காட்ட முடியாதுல்லண்ணே."

கடையின் தாளில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன். தாளை நம்பி நின்றுவிடாமல் வேறு வழிகளும் உண்டென்று சொல்லி, அங்கேயே உட்காரவைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்ய உதவினேன். 1930 என்ற உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். பாலியல் செயலைக் காட்டும் படங்களை மின்வழி பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவின்படி முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டுவரை சிறையும் பத்து லட்ச ரூபாய்வரை அபராதமும் விதிக்கத்தக்கது. இத்தகைய ஒட்டுப்படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே முறையிட்டால், 24 மணி நேரத்துக்குள் தளங்கள் அதை நீக்கவேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. இவை தெரியாமல் கடுதாசி கேட்டு அலைகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் போன பிறகு திரையை அணைக்கக் கை நீட்டினேன். முகம் மேலே, கீழே நான் பூசிய கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் இன்னொருத்தி இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்துக்கு உரியவளுக்காக ஒரு பாட்டி தெருத்தெருவாக அலைகிறார். உடலுக்கு உரியவளுக்காக யார் அலைகிறார்கள்? அவளுடைய முகத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தானே இதைச் செய்திருக்கிறார்கள்! அவளுக்கும் ஓர் அப்பத்தா இருந்திருப்பாள். அவள் விருப்பப்பட்டுத்தான் படமெடுக்க நின்றாளா, யாராவது மறைந்திருந்து எடுத்தார்களா, அப்போது அவளுக்கு என்ன வயது என்று எதுவும் எனக்குத் தெரியாது. வெட்டியவனைப் பாவி என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்த நான், 11 ஆண்டுகளாக எல்லாப் பெண்களின் முகத்தையும் வெட்டிவிட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரி தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இச்சையுடன் ஒரு பெண்ணைப் பார்க்கிறவன் தன் உள்ளத்தில் ஏற்கெனவே விபசாரம் செய்துவிட்டான் என்று மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்வதை, சிறு வயதிலிருந்தே மிரட்டலாகத்தான் கேட்டு வளர்ந்தேன். அந்த வசனம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதைக் கவனிக்க எனக்கு நாற்பது வயதாயிற்று. பெண் என்ன உடுத்தினாள், எங்கே நின்றாள் என்று அவர் கேட்கவில்லை. பார்க்கிறவனுடைய கண்ணைத்தான் விசாரிக்கிறார். பெண்பிள்ளைகளுக்கு அடக்கம் சொல்லிக் கொடுப்பதோடு தன் கடமை முடிந்தது என்று இருக்கும் நம் சமூகத்துக்கு, கிறிஸ்தவக் குடும்பங்களையும் சேர்த்தே சொல்கிறேன், இந்த வசனம் இன்னும் சரியாகக் காதில் விழவில்லை.

லூக்கா ஏழாம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி வருகிறது. பரிசேயன் சீமோன் வீட்டு விருந்தில், ஊரே பாவி என்று ஒதுக்கிய பெண் ஒருத்தி இயேசுவின் காலடியில் அழுதுகொண்டிருக்கிறாள். சீமோனுக்கு அவள் எப்படிப்பட்டவள் என்பது தெரியும். அது மட்டும்தான் தெரியும். இயேசு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக்கொண்டு சீமோனிடம் பேசுகிறார்: "இவரைப் பார்த்தீரா?" அதுவரை அவளையேதான் சீமோன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் அந்தக் கேள்வி அவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். என்னிடமும் கேட்கவேண்டியது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2354ஆம் பத்தியில், ஆபாசப் படம் தம்பதியரின் அந்தரங்கத்திலிருந்து உடலுறவை வெளியே எடுத்து மூன்றாம் மனிதருக்குக் காட்சிப்பொருளாக்குகிறது என்று சொல்கிறது. நடிப்பவர், விற்பவர், பார்ப்பவர் ஆகிய அனைவருடைய மாண்பையும் அது காயப்படுத்துகிறது என்றும் சொல்கிறது. உடலுறவை அழுக்கென்று அந்த நூல் எங்கும் சொல்லவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 முதல் 1984 வரை தம் புதன்கிழமை உரைகளில் உடலைப் பற்றி ஒரு நீண்ட தொடராகப் பேசினார். கடவுளின் சாயல் மனிதரின் ஆன்மாவில் மட்டும் இருப்பதாகவும், உடல் ஏதோ அதன் உறை என்பதாகவும் நினைப்பது விவிலியத்தின் பார்வை அல்ல என்பதும், ஆணும் பெண்ணும் தம்மை ஒருவருக்கொருவர் கொடையாக அளிக்கும் மொழி அந்த உடலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதும் அவருடைய போதனையின் சாரம். கடவுளின் மகனே உடலெடுத்து வந்தார் என்று நம்புகிற சமயத்துக்கு உடல் எப்படி அருவருப்பாக இருக்க முடியும்?

ஆனால் அருவருப்பாகத்தான் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. இந்தத் தயக்கம் பழையது. தமிழை இவ்வளவு நேசித்த வீரமாமுனிவர் 1730இல் திருக்குறளை லத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் தந்துவிட்டு, காமத்துப்பாலின் 250 குறள்களை விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. எனினும், தம் விவிலியத்துக்குள்ளேயே இனிமைமிகு பாடல் என்னும் காதல் நூலை வைத்திருக்கும் ஒரு சமயத்தைச் சேர்ந்தவர் ஏன் அங்கே தயங்கினார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஜி. யு. போப்பின் மொழிபெயர்ப்பு மூன்று பாலுடனும் 1886இல் வந்தது. இடைப்பட்ட காலம் ஒன்றரை நூற்றாண்டு. நாங்கள் படித்த விடுதியில் அந்தத் தயக்கம் அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டு தொடர்ந்தது. பேசவேண்டியவர்கள் பேசாமல் விட்ட இடத்தில்தான் அந்தக் கிழிந்த புத்தகம் வந்து உட்கார்ந்தது.

விட்டுவிட்ட அந்தப் பாலில் உள்ள ஒரு குறளை, இந்த மூன்று ஆண்டுகளில் நான் ஜெபத்தைப்போலச் சொல்லி வருகிறேன்:

அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம்
செறிதோறும் சேயிழை மாட்டு.

நூல்களைக் கற்கக் கற்க, முன்பு எவ்வளவு அறியாதிருந்தோம் என்பது தெரிவதுபோல, இவளைச் சேரச் சேர, இவளை நான் இதுவரை அறியவில்லை என்பதே தெரிகிறது என்று காதலன் சொல்கிறான். விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் நான்காம் அதிகாரத்தைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தால், "ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான்" என்று இருக்கும். எபிரேய மூலத்திலும் அறிதல் என்னும் வினைதான். வள்ளுவரும் தொடக்கநூலும் உடலுறவுக்கு ஒரே சொல்லிடம் வந்து நிற்பதைக் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆபாசப் படத்தில் அறிவதற்கு ஆளே இல்லை. எத்தனை ஆயிரம் பார்த்தாலும் அறியாமைகூட அங்கே கிடைக்காது. ஏனென்றால், ஒருவரை இன்னும் அறியவில்லை என்று உணர்வதற்கே அவர் ஓர் ஆளாக நம் முன் இருக்கவேண்டும். அதனால்தான் ஒரு படம் முடிந்ததும் கை அடுத்ததைத் தேடுகிறது. நான் இதை மேடைக்காகச் சொல்லவில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தவன் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் இதை உணர்த்துகிற ஒரு வழக்கம் உண்டு. நான் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், அல்லன். அவர்களுடைய வீட்டுப் படங்களைத் தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்டது. திருமணம் ஆனதும் கணவனும் மனைவியும் சேர்ந்து அவர்களுடைய கோயிலில் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுகிறார்கள். ஆண் தனியாக ஒரு புள்ளி, பெண் தனியாக ஒரு புள்ளி என்று இல்லை. இருவரும் சேர்ந்தால்தான் ஒன்று. இருவரும் ஒரே உடலாய் இருப்பார்கள் என்று திருமணத் திருப்பலியில் வாசிக்கக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புள்ளிக் கணக்கு நினைவுக்கு வரும். வீட்டின் அமைப்பையும் பாருங்கள். முகப்பிலும் பட்டாலையிலும் பளிங்கும் பர்மாத் தேக்குமாக இழைத்திருப்பார்கள். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒதுக்கிய அறையோ சிறியது, தாழ்ந்த வாசல் உள்ளது, வெளிச்சம் குறைந்தது. வீட்டில் வெட்கப்படவேண்டிய இடம் அது என்று யாரும் நினைத்ததில்லை. அந்த அறையை ஒதுக்கிக் கொடுப்பதற்கென்றே ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். உரிமையுள்ள இருவரைத் தவிர வேறெவரும் அந்த வாசலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இன்று வீடு பார்க்க வருகிற பயணிகள் கேமராவை நீட்டிக்கொண்டு முதலில் திறக்கச் சொல்வது பெரும்பாலும் அந்த அறையைத்தான் என்று, ஒரு வீட்டைக் காத்துவரும் பெரியவர் என்னிடம் வருத்தப்பட்டார்.

அந்தப் பாட்டி கடைக்கு வந்த ஆண்டில் ஓரியூருக்கும் போனேன். புனித அருளானந்தர், அதாவது ஜான் தெ பிரித்தோ, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டப்பட்ட இடம். செம்மண்ணைக் கையில் எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அவர் ஏன் கொல்லப்பட்டார் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் தாண்டிவிடுவோம். மறவர் தலைவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியோடு வாழ்வதாக உறுதி எடுத்து, மற்ற மனைவியரை விலக்கினார். அப்படி விலக்கப்பட்ட இளம்பெண் கடலாய், இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவினர். அவர் முறையிட்டதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. ஆக, எங்கள் மண்ணில் முதன்மையான இரத்த சாட்சியம் திருமணத்தின் பெயரால் சிந்தப்பட்டது. ஆண் ஒருவன் எத்தனை பெண்களைத் தனக்கென வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு, ஒருத்தியை முழுமையாக என்ற பதிலுக்காக. அதே வேளையில், அந்தக் கடலாயின் அவமானத்தையும் துயரத்தையும் யார் எண்ணிப் பார்த்தார்கள் என்ற கேள்வி அன்று என் மனத்தைவிட்டு அகலவில்லை. அவருக்காகவும் அந்த மண்ணில் முழந்தாளிட்டு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன்.

பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தை, எத்தனை முறை என்று கேட்கவில்லை. "வீட்டுல அவுகளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். சொல்வதைப் பற்றி ஜெபியுங்கள் என்றார். சொல்ல எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

என் மனைவி சத்தம் போடவில்லை. இரண்டு நாள் கழித்து, இட்லிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்: "இத்தன வருசமா என்னையப் பாக்கும்போதெல்லாம் யாரைப் பாத்தீக?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தேவகோட்டையில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போனாள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். வந்ததும் மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. அவள் அருகில் நான் உட்கார்ந்தால் உடம்பைச் சுருக்கிக்கொள்வது ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. யாருக்கும் கேடில்லாமல் தனியாகத்தானே பார்க்கிறேன் என்று நான் எனக்குச் சொல்லி வந்த சமாதானத்தின் உண்மையான விலையை, அவளுடைய அந்தச் சுருங்கலில் பார்த்தேன்.

கடையில் கணினித் திரையைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். இரவில் என் கைபேசி அடுப்பங்கரை அலமாரியில், அவளுடைய கைபேசியோடு சேர்ந்து இருக்கும். முதல் ஆண்டில் இரண்டு முறை விழுந்தேன்; இரண்டு முறையும் அவளிடம் சொன்னேன். ஜெபம் ஒன்றே போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு ஒரு மனநலக் கோளாறாகச் சேர்த்திருக்கிறது. எனக்கு மதுரையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டியிருந்தது. மருத்துவரிடம் போனது என் விசுவாசக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

மாற்கு நற்செய்தியில், பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவரை இயேசு ஒரே தடவையில் குணமாக்கவில்லை. முதல்முறை தொட்டதும், மனிதர்களைக் காண்கிறேன், ஆனால் மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்கிறார் அவர். இரண்டாம் முறை கண்களில் கை வைத்த பிறகுதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நான் இரண்டு தொடுதலுக்கும் இடையில் இருக்கிறேன்.

சென்ற மாதம், முனீஸ்வரன் கோயில் வீதியில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு கல்யாணப் படத்தை டச்சிங் முடித்துச் சட்டமிட்டுக் கடையின் முன்பக்கம் மாட்டியிருந்தேன். யாரும் கேட்ட வேலை அல்ல; பெண்ணின் இடக்கண் பூஞ்சையில் முழுக்க அழிந்திருந்ததால், விட மனமில்லாமல் செய்தது. பிரதி எடுக்க வந்த ஓர் ஆச்சி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது எங்க அயித்தையில்ல?" என்றார். பெயரைச் சொன்னார். எந்த ஊர், எந்த வீடு, எத்தனை பிள்ளைகள், வாழைக்காய் வறுவலுக்கு எப்படிக் காரம் போடுவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். படத்தைக் கழற்றி, பின்பக்கத்து அட்டையில் அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதி அவர் கையில் கொடுத்தேன். எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "றகரம் போடணும் தம்பி, ரகரம் போட்டுருக்கீக" என்றார். அழித்துத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.